முதலாளி கணக்கு அசைகிறது!

"மாமாஆஆ...!"

அலறல் கேட்டு, காருக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் ஸ்பேனரை விட்டெறிந்துவிட்டு வெளியே உருண்டு வந்தான்.

"ஏன்டா கத்துற? வர்ற கஸ்டமர் என்ன நினைப்பான்?"

கத்தியவன் மச்சினன். மனைவியின் தம்பி. கல்லூரியைப் பாதியில் விட்டவன். வீட்டில் கம்ப்யூட்டர் புலி என்று பெயர். புலி இப்போது செல்போனைப் பிடித்தபடி கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது!

"மு... முதலாளி கணக்கு..."

"என்னடா?"

"அசையுது மாமா!"

மெக்கானிக் எட்டிச் செல்போனைப் பார்த்தான்.

கராஜ் முதலாளி செத்து மூன்று மாதம். கொன்றது இவர்கள் இருவரும்தான். கராஜின் பழைய சர்வீஸ் குழிக்கு அடியில் புதைத்து, மேலே சிமெண்ட் பூசியாகிவிட்டது. ஊருக்குச் சொன்ன கதை... 'எவளோடயோ ஓடிட்டாரு.'

எல்லாம் அவருடைய பிட்காயினுக்காக. இன்டர்நெட்டில் மட்டுமே இருக்கும், கையில் பிடிக்க முடியாத காசு. தட்டிப் பார்க்க முடியாத காசு. அதை நம்பி ஒரு கொலை!

பிளாக்செயின் எக்ஸ்ப்ளோரர் என்று ஒரு வெப்சைட். கணக்கு எண் மாதிரி ஒரு முகவரி, அதைப் போட்டால் போதும், யார் கணக்கில் எவ்வளவு, எங்கிருந்து எங்கே போனது... ஊரே பார்க்கலாம். தொட மட்டும் முடியாது. தொடுவதற்கு ரகசிய வார்த்தைகள் வேண்டும். அவை முதலாளியின் மண்டைக்குள். மண்டை சிமெண்டுக்குள்!

அடித்துப் போட்ட பிறகுதான் புலிக்கு இது ஞாபகமே வந்தது. அதிலிருந்து தினமும் பார்த்துப் பார்த்து ஏங்குவதுதான் பிழைப்பு.

"நேத்து வரைக்கும் இது இல்ல மாமா. இன்னிக்குக் காலைல புதுசா ஒரு டிரான்சாக்ஷன்!"

திரையில் ஓர் அம்புக்குறி. ஒரு பக்கம் முதலாளியின் நீள முகவரி. மறுபக்கம் யாரோ.

"எவனாவது திருடியிருப்பான்டா."

"வார்த்தை அவருக்கு மட்டுந்தான் தெரியும். பொண்டாட்டிகிட்டகூட சொல்லலைன்னு அவரே சொன்னாரே!"

"அப்ப... யாரு அனுப்புனது?"

மச்சினன் மெல்லத் திரும்பிக் குழியைப் பார்த்தான்.

மெக்கானிக்கும் பார்த்தான்.

"டேய்... அன்னிக்கு மூச்சு இருக்கான்னு நீதான மூக்குல விரல் வச்சுப் பாத்த?"

"நானா? நீங்க பாத்துட்டீங்கன்னு நினைச்சுத்தான நான் சிமெண்ட் கலக்கப் போனேன்!"

யாருமே பார்க்கவில்லை!

டார்ச் அடித்தார்கள். சிமெண்டில் ஒரு விரிசல்... மூலை வரை!

"இ... இது எப்ப வந்துச்சு?"

"வெயிலுக்கு விட்டிருக்கும் மாமா..."

"குழிக்குள்ள எங்கடா வெயிலு?"

ஷட்டரை இழுத்து மூடினார்கள். கடப்பாரை இறங்கியது. ணங்...! ணங்...!

ஒரு துண்டு பெயர்ந்தது. நாற்றம் குப்பென்று மேலே வந்தது.

"கைய விட்டுப் பாருங்க மாமா."

"உங்க அக்காவுக்கு நான் ஒரே புருஷன்டா. நீ விடு!"

மச்சினன் கண்களை இறுக மூடிக்கொண்டு துழாவினான். உதடு எந்தச் சாமியையோ கூப்பிட்டது.

"ஷூ... ஷூ தட்டுப்படுது... காலும் இருக்கு! இருக்காரு மாமா! பத்திரமா இருக்காரு!"

மெக்கானிக் சுவரில் சாய்ந்தான். சிரித்தான். அழுதான்.

படார்!

ஷட்டர் மேலே ஏறியது.

"இருக்காரா? ரொம்ப சந்தோஷம்!"

இன்ஸ்பெக்டர் அம்மா! பின்னால் தடியோடு நான்கு போலீஸ்காரர்கள்.

"அவரு வீட்டம்மா தினமும் என் ஸ்டேஷன்ல வந்து அழுதாங்க. உங்க மேலதான் சந்தேகம். ஆனா எந்த இடத்தைன்னு தோண்டறது? நீங்களே தோண்டிக் குடுத்துட்டீங்க!"

மச்சினன் குழியிலிருந்து தலையை நீட்டினான். "அப்ப... பணத்தை எடுத்தது யாரு மேடம்?"

"எவன்டா எடுத்தான்? அம்பு எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாரு!"

செல்போனை எடுத்துப் பார்த்தான். அம்பின் முனை முதலாளியின் முகவரியை நோக்கி இருந்தது.

போனதல்ல... வந்தது!

"எடுக்கத்தான்டா சாவி வேணும். பூட்டின உண்டியல்ல காசு போடறதுக்கு எதுக்குச் சாவி? கொன்னவன் அந்தக் கணக்கைப் பாக்காம இருக்க மாட்டான்னு வீட்டம்மாகிட்ட முகவரி வாங்கினேன். போட்டேன். எதிர்க்கடையில உக்காந்து கடப்பாரைச் சத்தத்துக்குக் காத்திருந்தேன்."

மெக்கானிக் மச்சினனின் பிடரியில் ஓங்கி ஒன்று வைத்தான். "புலியாம் புலி!"

விலங்கு மாட்டும்போதும் மச்சினனுக்கு ஆசை அடங்கவில்லை.

"எவ்ளோ மேடம் போட்டீங்க?"

"ஒரு டீ காசு!" என்றார் இன்ஸ்பெக்டர். "அதுல ரெண்டு பேருக்கு ஆயுசு பூரா சாப்பாடு ஏற்பாடு பண்ணிட்டேன் பாத்தியா!"