நான்காவது குழாய்

1994 ஐப்பசி. காலை ஆறரை மணி. குறுக்குத்துறையில் குளிக்க வந்தவர்கள் பேராசிரியர் கோபாலசுப்பிரமணியனின் உடலைக் கரையேற்றினார்கள். பின்மண்டையில் அடி. தினமும் விடியலில் ஆற்றில் முங்கி எழுகிற மனிதர். தாமிரபரணி அவரைக் கொண்டுபோனதாக யாரும் நம்பவில்லை.

ஒன்பது மணிக்குள் சிவசைலத்தைப் பிடித்துவிட்டார்கள். பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பராமரிப்பவர். முந்தின நாள்தான் அவரை வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார் பேராசிரியர். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். ஸ்டேஷன் படிகூட ஏறாது. சிவசைலத்தின் மனைவி கோமு ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. உள்ளே போகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள்.

உள்ளே ஆராய்ச்சி மாணவன் கிரீஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். நேற்றுச் சாயங்காலம்கூட சார் தனக்குக் காபி வாங்கித் தந்தார் என்றான். அந்தச் சார் அவனுடைய ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார் என்பது விரிவுரையாளர் சாலோமிக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் ஐயம்பெருமாளிடம் சொல்லியும் பார்த்தாள்.

"அவன் விடியுமுன்ன இருந்து இங்கனதான டீச்சர் இருந்திருக்கான்."

அதற்குச் சாட்சி மேசைமேல் இருந்தது. நான்கு கண்ணாடிக் குழாய்கள், நான்கும் ஒரே மஞ்சள். விடியுமுன் இரண்டு எலிகளைக் கொன்று, ஒன்றின் புற்றுக்கட்டி வந்த ஈரலையும் மற்றதன் நல்ல ஈரலையும் அரைத்துச் சோதித்தானாம். நடுவில் நகரவே முடியாதாம்.

சாலோமி இன்ஸ்பெக்டருக்கு விளக்கினாள். உயிரணுவுக்குள் லைசோசோம் என்று நுண்ணிய பைகள் உண்டு. எதையும் செரித்துவிடும் நொதிகள் அவற்றுக்குள் அடைபட்டிருக்கும். பை கிழிந்து நொதி வெளியே வந்து, குழாயில் ஊற்றும் மருந்தோடு கலந்தால்தான் குழாய் மஞ்சளாகும். ஒவ்வோர் ஈரலுக்கும் இரண்டு குழாய். ஒன்றில் சோப்புக் கரைசல் விட்டுப் பையைக் கிழிப்பார்கள். மற்றதில் விடமாட்டார்கள்.

"சோப்பு விடாததும் மஞ்சளா இருக்கே, கிரீஷ்?"

"புற்று ஈரல்ல பை பலவீனம் மேடம். தானே கிழிஞ்சிரும்."

"சரிதான். ஈரலை ஃப்ரீசர்ல வச்சியா?"

"இல்லவே இல்ல. எல்லாம் இன்னைக்குக் காலையில வெட்டினது."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். சாலோமி நான்காவது குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பயமாகத்தான் இருந்தது.

"இது நல்ல ஈரல். சோப்பும் விடலை. புதுசா அரைச்சிருந்தா பை கிழியாது, இது வெளிறித்தான் இருக்கணும். உறைய வச்சு இளக்கினதாலதான் எல்லாப் பையும் கிழிஞ்சிருக்கு."

கிரீஷ் ஈரலை அரைத்து ஃப்ரீசரில் வைத்ததெல்லாம் முந்தின நாளே. காலையில் ஆற்றிலிருந்து வந்து மருந்தை ஊற்ற அரைமணி போதும். போலீசுக்கென்று சமைத்த சாட்சி அது. குழாயைப் பார்க்கத் தெரிந்தவர் யாராவது போலீசோடு வருவார் என்று அவன் நினைக்கவில்லை.

"சார் உனக்குக் காபி வாங்கித் தந்தப்பவே ஈரல் ஃப்ரீசருக்குள்ள உறைஞ்சுக்கிட்டு இருந்துருக்கு" என்றாள் சாலோமி.

இன்ஸ்பெக்டர் வாசல் பக்கம் திரும்பி, சிவசைலத்தை விடச் சொல்லிக் கான்ஸ்டபிளை அனுப்பினார். அது காதில் விழுந்த பிறகுதான் கோமு அழுதாள்.