மஞ்சள் துணியில் வந்தது

கரண்டு போனதும் எருத்தேன்பதியில் எல்லா வீட்டு ரேடியோவும் ஒரே சமயத்தில் வாயை மூடின. பொங்கியண்ணன் வீட்டில் மட்டும் ஒரு சத்தம் நிற்கவில்லை. தகரக் குடத்துக்குள் வண்டு மாட்டிக்கொண்டு சுற்றுவது போன்ற மெல்லிய முனகல். சாமி மாடத்துக்குக் கீழே இருந்த மஞ்சள் துணி மூட்டையிலிருந்து அது வந்தது. மூட்டைக்குள் இருந்த சாமானில் ஒரு கம்பிகூட இல்லை, கரண்டு இருந்தாலும் அது தானாகச் சுற்றாது என்பது அந்த ஊரில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அதனால் பயப்பட வேண்டியவனும் அவன் ஒருவன்தான்.

தான் பயந்தாங்கொள்ளி இல்லை என்று பொங்கியண்ணன் அடிக்கடி சொல்வான். வேறு யாரும் சொன்னதாகத் தகவல் இல்லை. அவனுக்குக் கோயமுத்தூரில் ஒரு மில் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை. வெயில் கொளுத்தும் சித்திரையிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குளிர் அறையில் உட்காருவானாம். அதைக் கேட்ட நாளிலிருந்து ஊர் அவனை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தது.

அந்த வருஷம், பழைய இயந்திரத்தை வாடகைக்குக் கொடுத்திருந்த வெளிநாட்டுக் கம்பெனி நாட்டைவிட்டே மூட்டை கட்டியது. வாளையாருக்கு இந்தப் பக்கம் இருந்த மில்லின் கிளையில் வேறொரு கம்பெனியின் புது இயந்திரம் வந்து இறங்கியது. பழையதன் எழுத்து புதியதற்குப் புரியாது. ஆகவே பழையது வைத்திருந்த கணக்கையெல்லாம் இரண்டுக்கும் பொதுவான ஒரு வட்டில் ஏற்றி, சுமந்துபோய், புதியதில் இறக்க வேண்டும். வட்டு என்றால் ரேடியோக்கடை இசைத்தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே கண்ணாடி போல ஒரு மூடியும் கைப்பிடியும் வைத்த மாதிரி. பார்த்தால் சோறு கொண்டுபோகிற தூக்குப்போசிதான். செக்போஸ்ட் காவலர் துணியை விலக்கிப் பார்த்து, "பிரியாணியாணோ?" என்று கேட்டாராம்.

அந்த வட்டில் ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் சின்னையன் செத்தான். பொங்கியண்ணனுக்குப் பக்கத்து நாற்காலிக்காரன். அந்த இயந்திரத்தைக் கட்டிக்கொண்டவன் போல அதை விட்டு நகராதவன். குளிரில் தலைவலிக்கிறது என்று நெற்றி நிறையத் தைலம் தடவிக்கொள்வான். மோதிர விரலால் மூடியை மூன்று தரம் தட்டிவிட்டு, "எல்லாம் வந்துருச்சாடா பொங்கி?" என்பான். "புதுசுல இருக்கறதத் தொடைச்சாத்தான்டா பழசு ஏறும். ஒண்ணுல வெச்சத நம்பாத, இன்னொண்ணுலயும் ஏத்திப்போடு." இதையே கேட்டுக் கேட்டுப் பொங்கியண்ணனுக்குக் காது புளித்திருந்தது. பாதி ஏறும்போது சின்னையன் மேஜையில் தலைசாய்த்தான். எழுந்திருக்கவில்லை. வட்டு பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. மீதியைப் பொங்கியண்ணன் ஏற்றி முடித்தான். இன்னொன்றில் ஏற்றுவதற்குள் இயந்திரத்தைப் பிரிக்க ஆள் வந்துவிட்டது.

கிளையின் சாவிக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை வரை வட்டை வீட்டில் வைத்திரு, பத்திரம், இதற்கு மாற்று கிடையாது, போனால் உன் வேலையும் போச்சு என்று மேனேஜர் சொல்லி அனுப்பினார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவன் வந்து இறங்கினான். பக்கத்து வீட்டுச் சுப்பாத்தாள் கண்ணுக்கு மஞ்சள் துணி தப்புமா?

"ஏனப்பா பொங்கி, அதென்ன, புடிமண்ணா?"

"ஆபீஸ் சாமானுங்க ஆத்தா. தூசி படாம சுத்திருக்கறேன். பழைய எடத்துல இருந்து புது எடத்துக்குப் போகுதுங்க."

"அதத்தான நானும் கேக்கறேன்."

அவள் கேட்டதில் குற்றமில்லை. குலசாமி கோயிலை விட்டுத் தூரமாகக் குடிவந்தவர்கள், பழைய கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து, புது இடத்தில் போட்டுக் கோயில் கட்டுவார்கள். எடுக்கும்போது வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் எடுத்தால் அது வெறும் மண்.

"வாயத் தொறந்து கூப்புட்டியா?"

"மெசினை யாராச்சும் கூப்புடுவாங்களா, போங்காத்தா."

"கூப்புடாட்டி நல்லது. எழவு விழுந்த எடமாமே."

போன மாசியில்தான் அவன் கையாலேயே குலசாமிக்குப் பிடிமண் எடுத்து வந்திருந்தான். நேற்று, எல்லாவற்றையும் அணைத்துவிட்ட அந்தக் குளிர் அறையில், துணியை முடிந்த கை பழக்கத்தில் முடிந்தது. வாயும் பழக்கத்தில் சொல்லிவிட்டது. "வந்துரு, போலாம்."

அப்போதே அந்த அறையின் இருட்டுக்குள் மூன்று தட்டு கேட்டது. சூடு ஆறுகிற இரும்பு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்துவிட்டான்.

மஞ்சள் துணியைத் தரையில் வைக்கக் கூடாது என்று அவன் மனைவி ராமாத்தாள்தான் அதை வாங்கி, மாடத்துக்குக் கீழே பலகை போட்டு வைத்தாள். கும்பிடு வேறு போட்டாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பெண் குழந்தை, கைக்கெட்டும் தூரத்தில் சேலைத் தொட்டிலில் தூங்கியது. இவனுக்கு உலகத்தில் இருந்தது இந்த இரண்டு பேர்தான்.

இப்போது அந்த முனகல்.

கணவாய்க்குள் புகுந்த ஆடிக்காற்று பனை ஓலைகளை விடாமல் உரசிக்கொண்டிருந்தது, ஓடுகள் கடகடத்தன, அடுப்பங்கரையில் எங்கோ ஒரு மூடி உருண்டது. அத்தனை இரைச்சலுக்கு அடியிலும் அந்த முனகல் ஒரே சீராக ஓடியது, கூடவே சாம்பிராணியையும் பால் வாடையையும் ஒதுக்கிக்கொண்டு மெல்ல மெல்ல ஒரு தைல வாசம் வந்து மூக்கில் ஏறியது.

"ஏனுங்க, தலவலியா? தைலம் பூசிருக்கறீங்களா?" என்றாள் ராமாத்தாள்.

"இல்ல."

"எனக்கென்னமோ குளுருதுங்க." கதவடைத்த வீட்டின் புழுக்கத்தில் அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தான். தோட்டத்துக் கிணறு வரை அது அவன் தொடையோடு அதிர்ந்தபடி வந்தது. மேட்டில் நின்று கிணற்றை எட்டிப் பார்த்தான். கையை விட்டால் போதும். மாற்று கிடையாது என்ற மேனேஜரின் குரல் காதில் கேட்டது. வேலை போனால் இந்தக் காட்டில் கடலைக்கொடி பிடுங்க வேண்டும். ஊர் சிரிக்கும். கை விடவில்லை. மோட்டார் ரூமுக்குள் வைத்துப் பூட்டினான்.

பூட்டியதும் முனகல் நின்றது. கதவில் காதை வைத்துக் கேட்டான். ஒன்றுமில்லை. அப்பாடா என்று உட்கார்ந்து ஒரு பீடியும் பிடித்தான், மகராசன்.

வீட்டு வாசலில் கால் வைத்தான். முனகல்.

உள்ளேதான் கேட்டது. ராமாத்தாள் தாலாட்டுகிறாள் என்று நினைத்தான். நினைக்க ஆசைப்பட்டான். ஒரே சுரம். மூச்சு வாங்காத தாலாட்டு.

தீக்குச்சி கிழித்தான்.

தொட்டில் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். உதடு மூடியிருந்தது. சத்தம் தொண்டையில் இருந்தது. நெற்றி பளபளத்தது.

"ராமாத்தா."

முனகல் நின்றது. அவள் திரும்பினாள். வழியில் போகிறவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு மோதிரமில்லாத மோதிர விரல் தொட்டில் கம்பைத் தட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று.

"எல்லாம் வந்துருச்சாடா பொங்கி?"

அவள் குரல்தான். ஒன்பது வருஷத்தில் அவன் பேரைச் சொல்லாத வாய்.

குச்சி விரலைச் சுட்டது. இருட்டு. இன்னொன்று கிழித்தான். பற்றவில்லை. பற்றியது.

அவள் தொட்டிலுக்குள் குனிந்திருந்தாள். குழந்தை முழித்துக்கொண்டிருந்தது. அழவில்லை.

"இது புதுசு," என்றாள். "ஒண்ணுமே எழுதல. தொடைக்கற வேலகூட இல்ல."

தொட்டில் அசைந்தது. ஆடவில்லை. நின்ற இடத்திலேயே சுற்றியது. சேலை முறுக்கிக்கொள்ளாமல், ஒரே சீராக, மெல்ல, பிறகு வேகமாக. உள்ளேயிருந்து, பால் பல்லும் முளைக்காத வாயிலிருந்து, அந்த முனகல் ஆரம்பித்தது.