நடுக்கம் நின்ற வீரன்

மூன்று நாள் அடைமழை சற்றே ஓய்ந்த அந்த அந்தியில், மலைமுகடுகளைத் தழுவியிறங்கிய வெண்பனி காந்தையாற்றின் மீது கவிந்து கிடக்க, அக்கரைக் கோட்டையையே கண்ணிமைக்காமல் பார்த்து நின்றார் தளபதி விழுப்பரையர். எட்டு ஆண்டுகளாக அவருடைய ஒரே மகள் அரிஞ்சிகை அங்கே பிணைக்கைதி. விடிந்தால் கோட்டையைத் தாக்கியாக வேண்டும். அவள் அடைபட்டிருக்கும் இடமறிந்து வரப்போன ஒற்றன் கூத்தனையோ இன்னும் காணோம். பெற்ற மனம் என்ன பாடுபடும், வாசகர்களே!

"கூத்தன் வந்துவிட்டான், பிரபு!" என்று ஓடிவந்தான் காவலன். "ஆனால் முட்டக் குடித்திருக்கிறான். அடையாளச் சொல் கேட்டால் உளறுகிறான்."

முகமெல்லாம் சேறும், சொட்டச் சொட்ட நனைந்த உடையுமாக ஓர் உருவம் தள்ளாடி வந்தது. தளபதிக்கு ரத்தம் கொதித்தது. குடித்துவிட்டு வரும் வீரனை ஆற்றில் மும்முறை முக்குவது அந்தப் பாசறையின் சட்டம்.

"முக்குங்கள் இந்தப் பாவியை!" என்று கர்ஜித்தார்.

"ஐயோ, நிறுத்துங்கள்!" படை மருத்துவச்சி பரவை குறுக்கே பாய்ந்தாள். "கள் வாடை துளியும் இல்லை, பிரபு. உடம்பில் குளிர் ஏறியிருக்கிறது."

"குளிரென்றால் நடுங்க வேண்டாமா? இவன் புழுங்குகிறதென்று மேலாடையை அவிழ்க்கப் பார்க்கிறானே!"

"அதுதான் பயம்! நடுங்குகிறவரை உயிர்ச்சூடு மிச்சமுண்டு. நடுக்கம் நின்று, நாக்குக் குழறி, கால் பின்னி, புத்தியும் தடுமாறினால் ஆள் கைவிட்டுப் போகிறான் என்று பொருள். கழுத்தைத் தொட்டுப் பாருங்கள்."

தொட்டார். மழையில் நனைந்த கல்லைத் தொட்டது போலிருந்தது.

"நெருப்பருகே கிடத்தட்டுமா? கை காலைத் தேய்க்கட்டுமா?" என்று பதறினார்.

"இரண்டும் ஆகாது, கள்ளும் கூடாது. ஈரத்தைக் களைந்து, உலர்ந்த கம்பளியில் சுற்ற வேண்டும். அலுங்காமல் தூக்குங்கள்!"

கூடாரத்தின் திரை விழுந்தது. மறுகணம் உள்ளிருந்து அவள் குரல் அலறியது.

"ஆண்கள் யாரும் வராதீர்கள்! இது கூத்தன் இல்லை. அவன் உடையில் வந்த பெண்!"

தளபதி திரையருகே ஓடினார். பரவை தன் உடம்புச் சூட்டோடு அவளை அணைத்துக் கிடந்த அந்த ஒரு நாழிகையும் அவர் வேண்டாத தெய்வமில்லை.

கடைசியில் பற்கள் கிடுகிடுக்கும் ஓசை கேட்டது.

"நடுங்குகிறாள், பிரபு! பிழைத்தாள்!" பரவை அழுதுகொண்டே சிரித்தாள். "அம்மா, உன் பெயர் என்ன?"

"அ... அரிஞ்சிகை. கூத்தர் தம் உடையைத் தந்து தப்பவிட்டார். நீந்தி வந்தேன்."

தளபதி திரையைப் பற்றிக்கொண்டு மண்டியிட்டார். உள்ளே அந்த மெல்லிய குரல் மீண்டும் கேட்டது.

"என்னை ஆற்றில் முக்கச் சொன்னது... அப்பாவின் குரல்தானே?"