ஆமீனுக்குக் காத்திருக்கும் குரல்

மூன்றாவது பெயருக்கு ஆமீன் சொன்னது மாமியார் இல்லை.

சாபிரா அத்தை செத்தவர்கள் பேரில் அப்போதுதான் பொரித்த ரொட்டிகளைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் மருமகள் மர்ஜானும் தொட்டிலில் தலை நிற்காத பிள்ளை எசெனும் மட்டும். வெளியே கரகண்டா நகரம் முழுவதும் பனிப்புயல். அந்தப் புயலில்தான் எங்கோ அவள் கணவன் ஒராஸ் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான்.

"வெள்ளிக்கிழமைன்னா செத்தவங்க ஏழு பேருக்கும் ஓதி என் தொண்டையே போயிடுது. இனி உன் கம்ப்யூட்டர் பொட்டி ஓதட்டும். நான் ஆமீன் மட்டும் சொல்றேன்" என்று அத்தை சொல்லியிருந்தாள்.

"ஆமீன் காதுல விழுந்தாத்தான் அடுத்த பேருக்குப் போகும், அத்தை. தூங்கிடாதீங்க."

"போடி! ஓதும்போது குறட்டை விடறவன் உன் புருஷன்தான்."

மர்ஜான் எழுதிய நிரல் சின்னது. ஒரு பெயரை எடு, ஓது, ஆமீன் வரும்வரை நில், பிறகு அவன் மகனிடம் போ. மகன் இல்லாதவன் வந்ததும் முடி.

இப்போது எண்ணெய்ப் புகை இன்னும் கலையாத நடைவழியில், செருப்பு அடுக்கின் பக்கமிருந்து, ஈரக் கம்பளி வாடையோடு மறுபடி ஒரு முதிய குரல் "ஆமீன்" என்றது. கணினி அடுத்த பெயருக்குப் போனது. அதற்கும் ஆமீன், இம்முறை இன்னும் அருகில். ஏழாவதாக மாமனார் சமாட்டின் பெயர் வந்தது. ஆமீனுக்கு முன்னால் அந்தச் சுரங்கத்து இருமல். அவரைப் புதைத்து மூன்று குளிர்காலம் ஆகிறது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. செத்தவர்களோடு நிறுத்து என்று அவள் எழுதவே இல்லை. வம்சத்தை எழுதித் தந்த அத்தையோ, பேரன் பிறந்த பூரிப்பில் கடைசிவரை எழுதியிருந்தாள்.

"ஒராஸ்" என்றது கணினி.

விசைகளை அழுத்தினாள். அசையவில்லை. மின்கம்பியைப் பிடுங்கினாள். மூடியை அறைந்து சாத்தினாள். உள்ளேயிருந்து ஓதல் நிற்கவில்லை. ஓதி முடித்துக் காத்திருந்தது.

யாரும் சொல்லக்கூடாது. சொல்லாவிட்டால் நகராது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். கண்ணாடியில் பனி உரசியது. வேறு சத்தமில்லை.

"ஆமீன்."

ஒராஸின் குரல். நடைவழியிலிருந்து. பல் கிடுகிடுக்கும் குரல்.

"ஒராஸ்? வண்டி எங்கங்க?"

தரையில் பனித்தண்ணீர் மட்டும் அறைக்குள் மெல்ல ஊர்ந்து வந்தது.

"எசென்" என்றது கணினி.

தொட்டிலுக்குப் பாய்ந்தாள். பிள்ளையை வாரி எடுத்தாள். நடைவழியில் யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அந்த இருட்டைப் பார்த்து "வேண்டாம், வேண்டாம்" என்று கெஞ்சினாள். அங்கே எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். அவரவர் பெயருக்கு அவரவர் சொல்லியாயிற்று; அவர்கள் வேலை முடிந்திருந்தது.

பிள்ளை விழித்திருந்தது. அழவில்லை. அவளையே பார்த்தது.

அவள் உள்ளங்கையால் அதன் வாயை மூடினாள். மெதுவாக. பிறகு அழுத்தி.

கைக்கு அடியில், பல் முளைக்காத அந்த வாய் திறந்தது.