வெள்ளிக்கிழமைப் பூதங்கள்

வெள்ளிக்கிழமை மாலை வந்தால்தான் நான்காம் வளைவில் குடியிருப்பவர்களுக்குக் கோபப்பட அனுமதி. மற்ற நாட்களில் யாருக்கும் கோபம் வராது, வரவும் கூடாது. செவ்வாயின் சிவப்பு மண்ணுக்கு அடியில், கண்ணாடிச் சுவர்களுக்குள் அடைத்த காற்றை நம்பிப் பிழைக்கும் ஊர் அது. எவனாவது ஒருவன் ஆத்திரத்தில் ஒரு கம்பியைச் சுவர்மீது வீசினால் போதும், தெருவே மூச்சில்லாமல் போய்ச் சேரும். அதனால் வந்து இறங்கிய அன்றே ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு தணிப்பியைப் பதித்துவிடுவார்கள். இரத்தம் சூடேறும்போதே மோப்பம் பிடித்து ஆற்றிவிடுகிற கருவி.

ஆனால் மனிதனை வாரம் முழுக்க ஆற்றிக்கொண்டே இருந்தால் அவன் ஊசிப்போய்விடுகிறான் என்று மருத்துவர்கள் கண்டார்கள். சோறு இறங்காது, தூக்கம் பிடிக்காது. அதற்காகத்தான் வளைவுக்கு ஓர் ஆட்ட அறை கட்டினார்கள். அதன் கூரையில் ஒரு மறிப்பான். அதன் பச்சை விளக்கு எரிகிற வரையில் அறைக்குள் இருப்பவர்களின் தணிப்பிகள் உறங்கும். கண்ணாடி இல்லாத, கெட்டியான பாறைச் சுவர். உள்ளே ஒரு நீள மேஜை, அதன்மேல் பூதக்கட்டம்.

பூதக்கட்டம் எளிய ஆட்டம்தான். பலகையில் ஒரு நகரம் வரைந்திருக்கும். ஆடுகிறவர் ஒவ்வொருவரும் ஒரு பூதம். கோரப்பல்லன், புகைவாயன், ஒற்றைக்கண் ஓமாத்தாள் என்று பெயர் சொல்லி உட்கார்ந்துகொள்ள வேண்டியது. பகடையில் எண் கிடையாது. பல், வால், நெருப்பு, தூக்கம் என்று படங்கள். பல் விழுந்தால் பக்கத்துப் பூதத்தைக் கடிக்கலாம், நெருப்பு விழுந்தால் தெருவைக் கொளுத்தலாம், தூக்கம் விழுந்தால் குறட்டை விட்டபடி முறையை இழக்கலாம். நகரத்தின் நடுக்குன்றில் கடைசிவரை உட்கார்ந்திருப்பவர் ஜெயித்தவர்.

ஆட்டம் எளியது, ஆடுகிறவர்கள்தாம் கொடியவர்கள். மேஜையை விட்டுக் கீழே விழுந்த பகடை செல்லாது என்பது விதி. போன வாரம் சென்னியப்பன் உருட்டிய பகடை மேஜையின் விளிம்பில் பட்டுக் குப்பணனின் மடியில் விழுந்தது. மடி என்பது மேஜையா, தரையா? இந்த ஒரு கேள்விக்காக இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். குப்பணனின் பாட்டன் வரைக்கும் இழுபட்டான். வளர்மதி பலகையையே தூக்கிக் கவிழ்த்தாள். பச்சை விளக்கு அணைந்ததும் மூவரும் மேல்மூச்சு வாங்கிச் சிரித்து, "நல்ல ஆட்டமுங்க" என்று கைகூப்பி வீட்டுக்குப் போனார்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சுலோச்சனா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பற்றி எரிந்தது.

அவள் புருஷன் நாச்சிமுத்து சுரங்கம் தோண்டியவர். இந்த வளைவில் எல்லோரும் கால்நீட்டிப் படுக்கிற இடமெல்லாம் அவர் குடைந்ததுதான். சிவப்புத் தூசி நெஞ்சில் அப்பிப்போய், இப்போது படுத்தால் மூச்சு முட்டுகிறது. சுவரில் சாய்ந்தபடியே தூங்குகிறார். பூமியிலிருந்து வரும் சுற்றுலாக்காரர்களுக்கு மாளிகை ஒன்று கட்டியிருக்கிறார்கள். அவர்கள் மூச்சுத் திணறக்கூடாது என்று நான்காம் வளைவின் காற்றைக் கொஞ்சம் குறைத்தார்கள். பிறகு இன்னும் கொஞ்சம் குறைத்தார்கள். இன்னொரு தடவை குறைத்தால் உங்கள் வீட்டுக்காரர் தாங்கமாட்டார் என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். அடுத்த குறைப்புக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

சுலோச்சனா வீடு வீடாகப் போனாள். "ஊர்ப் பொறுப்பாளர்கிட்ட எல்லாருமாப் போயிக் கேக்கலாங்க" என்றாள். கதவைத் திறந்த ஒவ்வொருவரும் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டார்கள்.

"போலாமுங்க அம்மிணி. ஆனா அங்க போயி நின்னா வார்த்தை வரோணுமே? இது விடாதுங்களே" என்றான் குப்பணன்.

"நேத்துக்கூட நெனச்சேங்க்கா, அக்கிரமம்னு. உடனே குளுகுளுன்னு ஆயிப்போச்சு" என்றாள் வளர்மதி.

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதென்றே சுலோச்சனா நம்பினாள். அவளே இரண்டு முறை நிர்வாக மண்டபத்தின் வாசல் வரை போய்விட்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளத் திரும்பி வந்தவள். பாழாய்ப்போன மொச்சைக்கொட்டை!

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. மண்டபத்துக்குப் போனால்தானே வாய் அடைக்கிறது? பொறுப்பாளரையே ஆட்ட அறைக்கு அழைத்துவிட்டால்? அங்கே மறிப்பான் இருக்கிறது. பகடை மடியில் விழுந்ததற்குப் பாட்டனை இழுத்த வாய்கள், காற்றைத் திருடியவனை என்ன பாடு படுத்தும்! நினைக்கும்போதே அவளுக்குப் பசி எடுத்தது.

பொறுப்பாளர் பத்மநாபன் மறுக்கவில்லை. மக்களோடு பழகுவதில் அவருக்கு ஆசை உண்டு. அந்த வெள்ளிக்கிழமை, இஸ்திரி போட்ட சட்டையோடு சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். பச்சை விளக்கு எரிந்தது. சுலோச்சனா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"நான் எந்தப் பூதம்?" என்று கேட்டார் அவர்.

"கோரப்பல்லனை எடுத்துக்குங்கய்யா. அதுதான் பலமுள்ளது" என்றார் சென்னியப்பன். கோரப்பல்லன் அவருடைய பூதம். குடியேறிய நாள் முதலாக வேறு யாரையும் அதைத் தொடவிட்டதில்லை.

சுலோச்சனா பல்லைக் கடித்தாள். சரி, ஆட்டம் சூடுபிடிக்கட்டும் என்று பொறுத்தாள்.

சூடு பிடிக்கவில்லை. வளர்மதிக்குப் பல் விழுந்தது. கோரப்பல்லன் பக்கத்திலேயே இருக்க, அதைத் தாண்டிப் போய்க் குப்பணனைக் கடித்தாள். குப்பணனுக்கு நெருப்பு விழுந்தது. தன் தெருவையே கொளுத்திக்கொண்டான். பொறுப்பாளர் உருட்டிய பகடை மேஜையை விட்டு விழுந்து, தரையில் உருண்டு, அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்தது. சென்னியப்பன் தரையோடு தரையாகப் படுத்து எட்டிப் பார்த்தார். அந்த இருட்டில் என்ன தெரிந்ததோ!

"பல்லுங்கய்யா! பல்லேதானுங்க!"

"கீழே விழுந்தால் செல்லாது இல்லையா?" என்றார் பொறுப்பாளர். அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"செல்லுமுங்க" என்றார் சென்னியப்பன்.

"தாராளமா செல்லுமுங்க" என்றான் குப்பணன்.

பொறுப்பாளர் ஜெயித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். எழுந்திருக்கும்போது அவர் சுலோச்சனாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் ஏதோ பேச வேண்டுமென்று சொன்னதாகச் சொன்னார்களே?"

அந்த நேரத்துக்காகத்தான் அவள் அவரை அழைத்தாள். சொல்ல வேண்டியதை ஒரு வாரமாக மனதில் உருட்டி உருட்டி வைத்திருந்தாள். வாயைத் திறந்தாள்.

"ஒண்ணுமில்லீங்கய்யா. சாப்பிட்டுட்டுப் போலாமில்லீங்க?"

மறுநாள் காலையில் அவள் கருவிக்கூடத்தில் நின்றாள். கருவியாளர் மருதாசலம் உப்புக்கடலை கொறித்தபடி ஒரு விசையாழியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆட்ட ரூம்பு மறிப்பான் கெட்டுப்போச்சுங்கண்ணா. வெளக்கு எரியுது, வேலை செய்யல. நேத்து ஒருத்தருக்கும் கோவம் வரல. எனக்கே வார்த்தை வரல. வந்து பாருங்க."

"அதுல பாக்க ஒண்ணுமில்லீங்க. வெறும் வெளக்குதான்."

"வெளக்குன்னா?"

மருதாசலம் கடலையை வாயில் போட்டு நிதானமாக மென்றார். "மறிக்கறதுக்கு என்ன இருக்குதுங்க? தணிப்பிக்கெல்லாம் அலை அனுப்பறது மேல இருக்கற தலைமை நிலையம். அது எரிஞ்சுபோயி வருசக்கணக்காச்சு. உங்க காதுக்குப் பின்னால இருக்கறது செத்த கொட்டைங்க."

சுலோச்சனா காதுக்குப் பின்னால் கை வைத்தாள்.

"ஏனுங்க ஒருத்தருக்கும் சொல்லல?"

"மொதல்ல, சொன்னா பயந்துக்குவாங்கன்னு சொல்லல. எப்பக் கலவரம் வருமோன்னு நாங்கதான் கையில உசுரைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தோம். அப்புறம் பாத்தா, ஒண்ணுமே ஆகல. வெள்ளிக்கெழமை மட்டும் கொஞ்சம் சத்தம் கேக்கும். சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டாங்க."

அவளுக்கு முகமெல்லாம் தீய்ந்தது. மண்டபத்தின் வாசலில் தன் நாக்கை ஒட்டவைத்தது யார்? நேற்று, மூச்சுக்கு அல்லாடுகிற புருஷனை வீட்டில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னது யார்? திட்டுவதற்கு ஒரு கருவிகூட மிச்சமில்லை. அவள் தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போல நின்றாள்.

பிறகு அந்த ஆத்திரத்திலேயே ஒரு நம்பிக்கை முளைத்தது. கட்டு இல்லையென்று தெரிந்தால் மாடுகூட ஓடுமே, இவர்கள் மனிதர்கள் ஆயிற்றே. வளைவின் முற்றத்தில் எல்லோரையும் கூட்டி, நடந்ததைச் சொன்னாள்.

முற்றம் வெடித்தது.

"இத்தனை வருசமா நம்மள ஏமாத்தியிருக்கானுங்க!" என்று கத்தினார் சென்னியப்பன். கழுத்து நரம்பு புடைத்தது. இன்று வெள்ளிக்கிழமை அல்ல என்பதையே அவர் மறந்துவிட்டார்.

"சும்மா உடறதாங்க இதை?" என்றாள் வளர்மதி.

"கெளம்புங்க, இப்பவே கெளம்புங்க!" என்றான் குப்பணன்.

வளைவே திரண்டு நடந்தது. சுலோச்சனாவின் வீட்டைக் கடக்கும்போது, சன்னலில் சாய்ந்திருந்த நாச்சிமுத்து கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அவள் அழுதேவிட்டாள். எத்தனை கதவைத் தட்டினாள், இந்த ஒரு நடைக்காக!

மண்டபத்தில் பொறுப்பாளர் எழுந்து நின்று வரவேற்றார். சென்னியப்பன் முன்னால் போனார். தொண்டையைச் செருமினார். கைகள் தாமாகவே ஒன்று சேர்ந்தன.

"ஐயா, தணிப்பி வேலை செய்யறதில்லீங்களாம். குழந்தை குட்டியோட இருக்கற எடமுங்க. கண்ணாடிச் சுவரு. எங்கள்ல எவனுக்காச்சும் திடீர்னு கோவம் வந்துட்டா என்னங்கய்யா பண்றது? சீக்கிரமா ரிப்பேர் பண்ணிக் குடுக்கோணுங்க."

"ஆமாங்கய்யா" என்றது கூட்டம். "பயமா இருக்குதுங்கய்யா."

சுலோச்சனா தன் காதை நம்பாமல் கூட்டத்தின் நடுவிலிருந்து எக்கிப் பார்த்தாள்.

பொறுப்பாளர் நெகிழ்ந்துபோனார். தலைமை நிலையத்தை மறுபடி கட்டலாம், ஆனால் அதை ஓட்ட மின்சாரம் வேண்டும், மாளிகையிலிருந்து எடுக்க முடியாது என்றார். நான்காம் வளைவின் காற்று எந்திரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். குறித்து வைத்த குறைப்போடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் குறைத்தால் சரியாக இருக்கும். "உங்களுக்குச் சம்மதம்தானே?"

"உங்க சவுரியம் எப்படியோ அப்படிங்க" என்றார் சென்னியப்பன்.

"அடப் பாவிகளா!"

அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று சுலோச்சனாவுக்குத் தெரிய ஒரு நொடி ஆயிற்று. கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"யாரு காத்துய்யா அது? எம்புருசன் நெஞ்சைக் கிழிச்சுத் தோண்டின வளைவு! அவரு உக்காந்துட்டே தூங்கறாரு, எவனோ ஊர் சுத்திப் பாக்க வர்றவன் மல்லாந்து படுக்கோணுமா? ஒரு மூச்சுக்கூடக் கொறைக்க விடமாட்டேன். தொட்டுப் பாரு! உன் மாளிகைக் குழாயை நானே வெட்டிப் போடறேன்!"

இத்தனை ஆண்டுகளில் அந்த மண்டபம் கேட்டறியாத சத்தம் அது. பொறுப்பாளரின் முகம் வெளுத்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு அவர் ஓர் அடி பின்வாங்கினார். இன்னொரு குரல், ஒரே ஒரு குரல் அவளோடு சேர்ந்திருந்தால் அன்றைக்கே அந்தக் குறைப்பு நின்றிருக்கும்.

சென்னியப்பன் பதறிப்போய் அவளைச் சுட்டிக் காட்டினார்.

"பாத்தீங்களாய்யா? இதுக்குத்தான் சொல்றோம்! நெலையம் ஓடுனதும் மொதல் அலைய இவங்க தணிப்பிக்கே அனுப்பிருங்க!"

கூட்டம் கைதட்டியது.