தங்க நாக்கின் கடைசி மிடறு

அவர் கண்ணை மூடியபோது யாரும் பதறவில்லை.

ஒயின் வாயில் பட்டதும் கண்ணை மூடுவது அவர் வழக்கம். கண்ணைத் திறந்து என்ன சொல்கிறாரோ, அதை வைத்துத்தான் ஊரில் பாதிப்பேர் பாட்டில் வாங்குவார்கள். பத்திரிகைகள் அவருக்கு வைத்த பெயர் 'தங்க நாக்கு'.

எனவே, காத்திருந்தார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்த ஒயின் வியாபாரி மூச்சைக்கூட மெதுவாக விட்டார். பக்கத்தில் தங்க நாக்கின் மனைவி மடியில் கைகளைக் கோத்தபடி இருந்தாள்.

தங்க நாக்கு மெல்ல முன்னால் சாய்ந்து, கறித்தட்டில் முகத்தை வைத்தார்.

"அப்படின்னா... நல்லா இருக்குன்னு அர்த்தமா?" என்று கேட்டார் வியாபாரி.

அர்த்தம் அதுவல்ல.

*

இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது மாடி அறையில் மதிய வெயில் மேஜைத் துணியின் மேல் படுத்திருந்தது. பக்கத்தில் அவரும் படுத்திருந்தார்.

அந்த ஓட்டல் சின்னது. கீழே சமையலறை, மேலே சாப்பாட்டு அறை. சுவர் முழுக்க பாட்டில்கள். இன்ஸ்பெக்டருக்கு ஒயினைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதில் இரண்டு நிறம் உண்டு என்பதுதான். ஆனால் செத்தவர்களைப் பற்றி நிறையவே தெரியும். அவள் குனிந்து உதட்டைப் பார்த்தாள். நகத்தைப் பார்த்தாள்.

"விஷம்" என்றாள்.

"நான் எதுவும் பண்ணல மேடம்" என்றார் வியாபாரி.

"நான் இன்னும் எதுவும் கேக்கலையே."

"கேட்டா சொல்றதுக்குத் தயாரா வச்சிருந்தேன்."

சப்-இன்ஸ்பெக்டர் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். வியாபாரி உட்காரவில்லை. விழுந்தார்.

"இன்னிக்கு என்ன விருந்து?"

"என்னோட புது ஒயின் மேடம். மூணு வகை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தட்டு சாப்பாடு. அவர் நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை எழுதினா நான் பொழைச்சேன். முதல்ல நுரைக்கிற வெள்ளை ஒயின், கூட பொரிச்ச மீன். அது அருமை. மீனோட எண்ணெய் நாக்குல படியும். ஒயினோட புளிப்பும் நுரையும் அதைக் கழுவி விட்டுடும். ஒவ்வொரு கடியும் முதல் கடி மாதிரியே இருக்கும். ரெண்டாவதுதான் மேடம் கொலை."

"யாரை?"

"என் ஒயினை." வியாபாரி சடலத்தைப் பார்த்துவிட்டு, "மன்னிக்கணும்... அவரையும்தான்" என்றார்.

"உங்க ஒயினுக்கு என்ன ஆச்சு?"

"அது அழுத்தமான சிவப்பு ஒயின். துவர்ப்பு ஜாஸ்தி. அதுக்குக் கொழுப்புள்ள கறி வைக்கணும். கொழுப்பு துவர்ப்பை அடக்கிடும், ஒயின் பட்டு மாதிரி ஆயிடும். இவங்க என்னடான்னா மிளகாய் விழுதை அள்ளித் தடவின கறியை வச்சாங்க. காரம் பட்டா துவர்ப்பு எகிறும், கசக்கும், தொண்டை எரியும். கத்துக்குட்டிகூட இந்த ஜோடியைச் சேர்க்க மாட்டான். நான் தட்டைப் பார்த்து இருமிக்கிட்டு இருந்தேன்... நிமிர்ந்தா அவர் கண்ணை மூடியிருந்தார்."

"ஒயினை ஊத்தினது யாரு?"

"அவரேதான். அதோ, அந்த ஓரத்து மேஜையில வச்சு, மூணு கிளாஸ்லயும் அவர் கையாலேயே ஊத்திக் கொண்டுவந்து வச்சார். அப்புறம் நின்னுக்கிட்டு ஒயினைப் பத்திப் பேசினார். முதல்ல நிறத்தைப் பாரு, அடுத்து மோந்து பாரு, கடைசியிலதான் குடின்னு. பேசி முடிச்சு உட்கார்ந்து ஒரே மடக்கு..."

இன்ஸ்பெக்டர் மனைவியைத் திரும்பிப் பார்த்தாள். ஐம்பது வயதைத் தொடும் பெண்மணி. ஜன்னல் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழாதவர்களைப் போலீஸுக்குப் பிடிக்காது.

"நீங்க இங்கயே இருங்க. அப்புறம் பேசலாம்."

அவள் தலையை ஆட்டினாள்.

*

சமையலறையில் சமையல்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வெறும் கையோடு நின்றிருந்தார். ஓட்டலும் அவருடையதுதான். செத்தவர் அவருக்கு அக்கா புருஷன்.

"மிளகாய்க் கறி யாரோட யோசனை?"

"மச்சானோடது." அடுப்பு மேல் இருந்த சட்டியைக் காட்டினார். "நான் கொழுப்போட பதமா சுட்ட ஆட்டுக்கறிதான் வச்சிருந்தேன். காலையில மச்சான் போன் பண்ணி மிளகாயைத் தடவச் சொன்னார். இந்த ஒயினுக்கு அது ஆகாது மச்சான்னு சொன்னேன். 'நாக்கு யாருது, உன்னோடதா என்னோடதா'ன்னு கேட்டார். அதுக்கப்புறம் நான் என்ன பேசறது?"

"அந்தச் சாதாரணக் கறி இருக்கா?"

இருந்தது. புது பாட்டிலும் ஒன்று இருந்தது. இன்ஸ்பெக்டர் அதைத் திறக்கச் சொன்னாள்.

"மேடம், டியூட்டியில குடிக்கக்கூடாது" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"இது குடிக்கறது இல்ல. விசாரணை."

"அப்படின்னா நானும் விசாரிக்கறேன் மேடம்."

முதலில் வெறும் ஒயின். பச்சை வாழைக்காயைக் கடித்த மாதிரி வாய் உள்ளுக்குள் சுருங்கியது. அடுத்து ஒரு துண்டுக் கறி, ஓரத்தில் கொழுப்போடு. மறுபடி ஒரு மடக்கு. இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தினாள். அதே பாட்டில்தான். ஆனால் சண்டைக்காரி மருமகள் தாய்வீட்டுக்கு வந்த மாதிரி ஒயின் அப்படியே இளகிப்போயிருந்தது. கறுப்புத் திராட்சை, லேசாய்ப் புகை, கடைசியில் எங்கேயோ ஒரு இனிப்பு.

"ஓ..." என்றாள்.

"இதுக்குத்தான் மேடம் ஜனங்க கிறுக்குப் பிடிச்சு அலையறாங்க" என்றார் சமையல்காரர்.

பிறகு மிளகாய்க் கறி. அதன்மேல் ஒரு மடக்கு.

சப்-இன்ஸ்பெக்டருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கசக்குது மேடம். இதுல வேப்பெண்ணெயைக் கலந்தாக்கூடத் தெரியாது."

இன்ஸ்பெக்டர் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"இப்ப என்ன சொன்னீங்க?"

"கசக்குதுன்னு..."

"அதுக்கப்புறம் சொன்னது."

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. மேலேயிருந்து கிளாஸ்களை முதலிலேயே எடுத்துப் போயிருந்த பரிசோதனைக்கூட டாக்டர்.

"பாட்டில் சுத்தம். சாப்பாடு சுத்தம். செத்தவர் குடிச்ச கிளாஸ்ல மட்டும்தான் விஷம். ஏதோ விதையை அரைச்ச சாறு. வாயில வைக்க முடியாத கசப்பு."

"ரேகை?"

"அந்தக் கிளாஸ்ல ரெண்டு பேரோடது. அவர், அவர் மனைவி. மனைவி கிளாஸ்லயும் அதே ரெண்டு பேர்தான்."

சப்-இன்ஸ்பெக்டர் காதை நீட்டிக் கேட்டுவிட்டு விலங்கைத் தடவிப் பார்த்தார். "முடிஞ்சுது மேடம். மேல போய்க் கூட்டிட்டு வந்துடட்டுமா?"

"இருங்க." அவள் சமையல்காரரிடம் திரும்பினாள். "உங்க மச்சானுக்கு அவ்வளவு பெரிய நாக்கு. காரம் இருந்தாலும், இவ்வளவு கசப்பு அவருக்குத் தெரியாமலா போகும்?"

சமையல்காரர் துணியை எடுத்தார். துடைத்த மேடையையே திரும்பத் துடைத்தார்.

"அவருக்கு எதுவுமே தெரியாது மேடம்."

"புரியல."

"அஞ்சாறு வருஷம் இருக்கும். படியில உருண்டு விழுந்து தலையில அடி. உசிரு பொழைச்சார். வாசனை போச்சு, கூடவே ருசியும் போச்சு. உப்பும் சர்க்கரையும் அவருக்கு ஒண்ணுதான். அன்னையிலேர்ந்து ருசி பார்க்கறது எங்க அக்கா. அக்கா குடிச்சிட்டு ஜாடை காட்டுவா. சங்கிலியைத் தொட்டா புளிப்பு ஜாஸ்தி, காதைத் தொட்டா மரப்பீப்பாய் வாசனை. இவர் அதைப் பார்த்து வச்சுக்கிட்டுக் கண்ணை மூடி, திறந்து, சொல்லுவார். எழுதறதும் அக்காதான். பேர் மட்டும் அவரோடது."

சப்-இன்ஸ்பெக்டர் வாயைப் பிளந்தார். "தங்க நாக்கு... கவரிங்கா?"

*

மாடிப்படியில் ஏறும்போது சப்-இன்ஸ்பெக்டர் பின்னாலேயே முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

"அப்ப வழக்கு இன்னும் பலம்தானே மேடம்? உழைப்பு அந்தம்மாவோடது, பேர் அவரோடது. எந்தப் பொண்டாட்டிக்கும் வயிறு எரியும். போட்டுட்டாங்க."

இன்ஸ்பெக்டர் நடுப்படியில் நின்றாள்.

"காரம் எதுக்கு?"

"மேடம்?"

"விஷம் கசக்கும். கசப்பை மறைக்கத்தான் அந்த மிளகாய்க் கறி. சரிதானே? நாக்கு செத்தவனுக்கு விஷம் வைக்க எதுக்கு மிளகாய்? பச்சைத்தண்ணியில கலந்து கொடுத்தாலே குடிச்சிடுவானே. அவனுக்கு ருசி தெரியாதுன்னு அவன் பொண்டாட்டிக்குத் தெரியாதா?"

சப்-இன்ஸ்பெக்டர் யோசித்தார். யோசிப்பது வெளியே தெரிந்தது.

"அந்தக் கறி, நாக்கு உள்ள ஆளுக்காகப் பண்ணினது. அந்த மேஜையில நிஜமான நாக்கு யாருக்கு இருந்தது?"

"ஐயையோ..."

"மெனுவை மாத்தினது யாரு? ஒயினை ஊத்தினது யாரு? அவரோட பையை இன்னும் யாரும் பார்க்கலையே. போய்ப் பாருங்க."

பையில் ஒரு தோல்பெட்டி. அதற்குள் வரிசையாகச் சின்னச் சின்னக் குப்பிகள். மூக்கைப் பழக்க ஒயின்காரர்கள் வைத்துக்கொள்ளும் வாசனைக் குப்பிகள். எலுமிச்சை, கிராம்பு, ஈரமண் என்று ஒவ்வொன்றிலும் ஒரு வாசனை. 'ரோஜா' என்று ஒட்டியிருந்த குப்பி மட்டும் காலி. சப்-இன்ஸ்பெக்டர் அதைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரோஜா இல்லை.

ரேகை எடுப்பவர் பொடியைத் தூவினார். ஒரே ஆளின் விரல்கள். அந்த ஆள் இப்போது வெள்ளைத் துணிக்கு அடியில் இருந்தார்.

*

மனைவி இன்னும் ஜன்னல் ஓரத்தில்தான் இருந்தாள். ஓரத்து மேஜையில், பரிமாறாமலே போன மூன்றாவது தட்டு அப்படியே இருந்தது. உப்பான சீஸ், பக்கத்தில் தேன் நிறத்தில் இனிப்பு ஒயின்.

இன்ஸ்பெக்டர் எதிரே உட்கார்ந்தாள். கண்டுபிடித்ததையெல்லாம் சுற்றி வளைக்காமல் சொன்னாள். குப்பி, மெனு, ஜாடை, எல்லாம்.

மனைவி கைக்குட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"ரோஜாக் குப்பியா?" என்றாள் கடைசியில். "எனக்குப் பிடிச்ச வாசனை அது."

"உங்களை ஏன் கொல்லப் பார்த்தார்?"

"போன வாரம் அவர்கிட்ட ஒண்ணு கேட்டேன். இனிமே என் பேர்ல எழுதறேன்னு." கையிலிருந்த கைக்குட்டையை நாலாக மடித்தாள். "அடிபட்ட அன்னைக்கு ஆஸ்பத்திரியில குழந்தை மாதிரி அழுதார் இன்ஸ்பெக்டரம்மா. நான்தான் சொன்னேன், என் நாக்கு உங்களுக்குப் போதும்னு. நிஜமாவே ஆசையாத்தான் சொன்னேன். அதுக்கப்புறம் ஒரு நாள்கூட அவர் அதைத் திருப்பித் தரணும்னு நினைக்கல. நான் எழுதினா குட்டு வெளிப்பட்டுடும். நான் செத்தா, 'மனைவி போன துக்கத்துல என் நாக்கே செத்துப்போச்சு'ன்னு சொல்லி கௌரவமா ஓய்வு வாங்கிக்கலாம். ஜனங்களும் அழுவாங்க."

அப்போதுதான் அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. தண்ணீர் குடித்துச் சரிசெய்துகொண்டாள்.

"கிளாஸ் எப்படி மாறிச்சு?"

"நான்தான் மாத்தினேன். அவர் எழுந்து நின்னு, கண்ணை மூடிக்கிட்டுப் பேசிக்கிட்டு இருந்தப்போ."

"ஏன்?"

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு டம்ளர் தண்ணி மொண்டு கொடுத்ததில்ல. இன்னிக்கு அவரே ஊத்தி, கொண்டுவந்து, என் கையில வச்சு, 'குடி'ன்னார். சரி, கெட்டுப்போன ஒயினை என் தலையில கட்டறார் போலன்னு நினைச்சு மாத்தி வச்சேன்."

சப்-இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். விபத்து. விலங்குக்கு வேலையில்லை.

இன்ஸ்பெக்டர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"அவ்வளவுதானா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மூக்கு லேசாக அசைந்தது.

"நீங்க கீழே என் தம்பி சமையலறையில சிவப்பு ஒயின் குடிச்சிருக்கீங்க. கொழுப்புக் கறியோட. அப்புறம் மிளகாய்க் கறி. அது தெரியக்கூடாதுன்னு ஒரு புதினா மிட்டாய்."

இன்ஸ்பெக்டர் வாயை மூடிக்கொண்டாள். பிறகு திறக்க வேண்டியிருந்தது.

"இதையெல்லாம் கண்டுபிடிக்கிற மூக்கு, அந்தக் கிளாஸை மோந்து பார்க்காமலா இருந்தது?"

"பார்த்தேன்."

"என்ன வந்தது?"

"கறுப்புத் திராட்சை. புகை. கொஞ்சம் ஈரத்தோல்." நிறுத்தினாள். "அதுக்கடியில, திராட்சையில வராத ஒரு கசப்பு."

"விஷம்னு தெரிஞ்சுதா?"

"நான் விஷம் குடிச்சுப் பழகினதில்ல. ஒயினுக்குச் சம்பந்தமில்லாததுன்னு மட்டும் தெரிஞ்சுது."

"அப்ப ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"யார்கிட்ட? நான் நல்லா இல்லன்னு சொல்லி, அவர் நல்லா இருக்குன்னு சொன்னா, ஊர் யாரை நம்பும்? இந்த நாட்டுலயே பெரிய நாக்கு அவரோடது." அவள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். "அதான், அவர் அபிப்பிராயத்தைக் கேட்டேன்."

*

வாசலில் வண்டி ஏறும்வரை சப்-இன்ஸ்பெக்டர் பொறுத்துக்கொண்டிருந்தார்.

"மேடம்... இது கொலையா, இல்லையா?"

"அந்தம்மா சொன்னதை ஒரு எழுத்து விடாம எழுதி அரசாங்க வக்கீல்கிட்ட கொடுக்கப்போறேன். பிடிக்காத கிளாஸைப் புருஷன் பக்கம் தள்ளி வைக்கறது குத்தம்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. விஷம்னு தெரிஞ்சே மாத்தினாங்கன்னு நிரூபிக்கணும்னா, அதே மாதிரி இன்னொரு மூக்கு சாட்சிக்கூண்டுல ஏறணும். அது எங்கயும் கிடைக்காது. வக்கீல் அலுத்துக்குவார், கையெழுத்துப் போட்டு மூடிடுவார்."

வண்டி கிளம்பியது. சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் பார்த்தா மனசு கஷ்டமாயிடுச்சு மேடம். நானும் என் வீட்டுக்காரிக்கு இதுவரைக்கும் ஒரு காபிகூடப் போட்டுக் கொடுத்ததில்ல. இன்னிக்குப் போனதும் முதல் வேலையா நானே கலந்து கொண்டுபோய்க் கையில கொடுக்கப்போறேன்."

"கொடுங்க" என்றாள் இன்ஸ்பெக்டர், ரோட்டைப் பார்த்தபடியே. "ஆனா, உங்க கிளாஸ் மேல ஒரு கண்ணு இருக்கட்டும்."