மூச்சுத் திணறிய ஜீப்

"மிதி பரக்கத்! நல்லா மிதிலே!" ஜெசிந்தா கத்தினாள்.

பழைய பெட்ரோல் ஜீப் கரும்புகையைக் கக்கியது, இருமியது, லடாக்கில் ஒரு மலைக்கணவாய்க்குச் சற்றுக் கீழே நின்றேவிட்டது.

அவள் குதித்து இறங்கி மேலே பார்த்தாள். கணவாய்க்கு அந்தப் பக்கம்தான் அவள் தம்பி லியோன் இருக்கிறான்! பாறை ஓவியக் குகையைத் தேடித் தனியாகப் போனவன் திரும்பவில்லை. குகையருகே ஒரு சிவப்புக் கூடாரம் ஆளரவமின்றிக் கிடப்பதாக ஆட்டிடையர்கள் சொல்லியிருந்தார்கள்.

"நடந்தே போயிருதேன்!"

"கிறுக்கா பிடிச்சிருக்கு?" பானட்டைத் திறந்தபடியே கேட்டான் பரக்கத். தூத்துக்குடியில் அவளோடு படித்தவன். "இங்க காத்து கம்மி. பெட்ரோல் மட்டும் நம்ம ஊரு அளவுக்கே வருது. எரியாம புகையா போவுது. கார்பரேட்டர்ல சின்ன ஜெட் போட்டா பெட்ரோல் குறையும். செத்த பொறு."

ஜெட் என்பது பெட்ரோல் போவதற்கு நடுவில் ஊசித்துளை உள்ள பித்தளைத் திருகு. விறைத்த விரல்களால் அவன் அதை மாற்றுவதற்குள் ஜெசிந்தா ஜீப்பைப் பலமுறை சுற்றி வந்துவிட்டாள். சாவியைத் திருப்பியதும் என்ஜின் சீராக உறுமியது. ஜீப் கணவாயைத் தாண்டிப் பாய்ந்தது!

லியோன் கூடாரத்துக்குள் சுருண்டு கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. "அக்கா, கடல் ஏன் இங்க வந்துச்சு?" என்று குழறினான்.

"மலைநோய்! உடனே கீழ இறக்கணும்!" என்றான் பரக்கத்.

அவன் பின்னால் உட்கார்ந்து லியோனைத் தாங்கிக்கொள்ள, ஜெசிந்தா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கணவாயைக் கடந்து வளைவு வளைவாக இறங்கியவள், பள்ளத்தாக்கின் நீண்ட சாலை வந்ததும் முழுவேகத்தில் மிதித்தாள்.

டக்... டக்... டக்!

"நிப்பாட்டு!" பரக்கத் அலறினான். "இங்க காத்து கூடிட்டு. அந்தச் சின்ன ஜெட்டுக்குப் பெட்ரோல் பத்தல. பெட்ரோல் கொறஞ்சா என்ஜின் சூடேறி பிஸ்டன் இறுகிக்கும்!"

"எந்தம்பி சாவக் கெடக்கான்! நிப்பாட்டச் சொல்லுதியா?"

"என்ஜின் நின்னா எல்லாரும் இங்கேயேதான்!"

வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கை அழுத்தினாள். "நீ அவன விடாத. நான் மாத்துதேன்."

கொதிக்கும் இரும்பு விரலைச் சுட்டது. சூடு தணியக் காத்திருந்த அந்த நேரம்தான் கொடுமை! லியோனின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. ஜெசிந்தாவால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. ஒருவழியாகப் பழைய பெரிய ஜெட்டைத் திருகிப் பூட்டி, பானட்டை அறைந்து சாத்தினாள்.

டக் டக் சத்தம் போயேபோச்சு! மருத்துவ முகாமின் வாசலில்தான் ஜீப் நின்றது.

மறுநாள் காலை ஆக்சிஜன் குழாயோடு லியோன் கேமராவை நீட்டினான். பாறையில் வில்லேந்திய வேடர்கள், வளைந்த கொம்புகளோடு ஓடும் மலையாடுகள். கண்டுபிடித்தேவிட்டான்!

"இன்னும் உள்ள ஒரு அறை இருக்குக்கா. நாளைக்கே போலாமா?"

பரக்கத் சிரித்தான். ஜெசிந்தா சுட்டுப் புண்ணான விரலை ஊதிக்கொண்டே சொன்னாள்: "போலாம்லே. ஆனா வழியில தங்கித் தங்கித்தான். ஜீப்புக்கு ஜெட்ட மாத்துனோம். ஒன் நெஞ்சுக்கு அப்படி மாத்த முடியாது. அது பழக நாளாவும்."

பொறுக்கச் சொன்னவளின் கால்தான் கட்டிலுக்கடியில் நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டிருந்தது.